கச்சான் காற்றில் ஓர் உல்லாசப் பயணம்

“மூணு மாசம். ஒரு நாள்கூடக் கரையில படுக்கல்ல. உல்லாசப் பயணம் எண்டா இதுதான் தம்பி,” என்று இராசதுரை பிரம்புக் கதிரையில் சாய்ந்து காலை நீட்டினார்.

மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்றில் பாய் புடைத்து நின்றது. மட்டக்களப்பு வாவியில் படகு ஓர் அவசரமுமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பாய்ப்படகு அது. உள்ளே ஓர் அறை, இரண்டு கட்டில், சமைக்க ஒரு குசினி.

‘தம்பி’ என்று அவர் சொன்னது கமலநாதனை. தன் அக்கா சுலோஜனாவோடு கமலநாதன் பெரியகல்லாற்றிலிருந்து வந்திருந்தார். சுலோஜனாவின் மகன் யதுர்ஷனுக்கு இராசதுரையின் கடைசி மகள் விதுர்ஷாவைப் பேசியிருந்தார்கள். கட்டாரில் வேலையில் இருக்கும் மாப்பிள்ளை படத்தைப் பார்த்தே சம்மதம் சொல்லிவிட்டான். மிச்சம் தாயின் கையில் இருந்தது.

இதற்கு முன்னர் இரண்டு இடத்தார் வந்து, படகில் ஒரு சுற்றுச் சுற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டு, ‘சொல்லி அனுப்புறம்’ என்று போனார்கள். இன்றுவரை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அந்தப் பயத்தில் இராசதுரையின் மனைவி சீதேவிப்பிள்ளை இன்றைக்கு இறாலோடு நண்டும் சேர்த்துச் சமைத்திருந்தார்.

வாவியில் அலையே இல்லை. ஆனாலும் கமலநாதன் இரண்டு தரம் பக்கவாட்டால் தலையை நீட்டிக் குனிந்து வாந்தி எடுத்துவிட்டார்.

“வாவியில சத்தி எடுத்த முதல் ஆள் நீங்கதான் மாமா,” என்றாள் சுக்கானைப் பிடித்திருந்த விதுர்ஷா.

“வாயப் பொத்து புள்ள. வந்த ஆக்கள் என்ன நினைப்பாங்க?” என்று தாய் அதட்டினார்.

வந்த ஆக்களில் முக்கியமானவர் எதையும் நினைத்ததாகத் தெரியவில்லை. சுலோஜனா பெண்ணை ஒரு தரம்தான் பார்த்தார். பிறகு பலகையை விரல் மடக்கித் தட்டினார். குசினி அலுமாரியைத் திறந்து மணந்தார். கட்டிலில் ஏறி இருந்து ஆட்டிப் பார்த்தார்.

“மழைக்கு ஒழுகுமா அண்ணன்?”

“மேலால ஒரு சொட்டுமில்ல. கீழாலதான் கொஞ்சம்,” என்றார் இராசதுரை.

காற்று மாற, விதுர்ஷா படகைத் திருப்பினாள். உடனே சீதேவிப்பிள்ளை எழுந்து பாய்மரத்தடிக்குப் போனார். மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் நாலு ஆணி. ஒன்றில், பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையனின் படம், வாடாத மாலையோடு. அதைக் கழற்றி மறுபக்கத்து ஆணியில் மாட்டினார்.

“மூத்தவன், ரதீஸ்,” என்றார். “சுனாமியில போனவன். கடல் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் அவன் பாக்கக் கூடாது. வள்ளம் கிறுகித் திரும்பினா நானும் படத்தைக் கிறுக்கிவிடுவன்.”

“ஒரு நாளைக்கு எத்தின தரம்?” என்று கேட்டார் கமலநாதன்.

“காத்தைப் பொறுத்தது.”

நாவற்குடாக் கரை வந்தது. தென்னைகளுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு தெரிந்தது.

“அது மூத்த மகள் தக்ஷாயினிட வீடு. நான் கட்டினது,” என்று இராசதுரை கையைக் காட்டினார். “அந்தா, எதிர்க்கரையில பச்சைக் கேற். அது நடுவிலாளுக்கு. அதுவும் நான் கட்டினதுதான். வைகாசியில கலியாணம் முடிஞ்சுது. அடுத்த நாளே நாங்க மூணு பேரும் வள்ளத்தில ஏறிட்டம்.”

கரையில் தக்ஷாயினி வெளியே ஓடி வந்தாள்.

“அப்பா! சாப்பிட்டுட்டுப் போங்க!”

“இல்ல மகள், பயணத்தில நிக்கிறம்!” என்று அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

“குடுத்துவச்ச மனிசர்,” என்றார் கமலநாதன், மூன்றாவது தரம் குனிவதற்கு முன். குனிந்த இடத்தில், படகின் பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்த சின்னத் தோணி அவர் கண்ணில் பட்டது. அதற்குப் புதுத் தென்னோலைக் கிடுகில் ஒரு கூரை. இரண்டு பேர் நெருக்கி இருக்கலாம். மழை அடித்தால் ஒருவர் நனைவார்.

“இது என்னத்துக்கு அண்ணன்?”

“நேத்துத்தான் கூரை போட்டன். மறுகா ஒரு நாளைக்குத் தேவைப்படும்.”

வெயில் சாய, படகு துறைக்குக் கிட்ட வந்து நின்றது. விதுர்ஷா பாயை இறக்கினாள். சுலோஜனா குசினிக் கதவைக் கடைசியாக ஒரு தரம் திறந்து, மூடி, கொளுக்கியைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். இராசதுரை கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

சுலோஜனா முதன்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் சீதேவிப்பிள்ளை எழுந்து, மகனின் படத்தை ஆணியிலிருந்து கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். படகு திரும்பவில்லை.

“சீதன வீடு எங்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு மச்சாள். நீங்க ரெண்டு பேரும் எப்ப இறங்குறீங்க?”