சிவப்புக் கொடிக்கு உள்ளே

கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தமா சொல்ற கதை இல்ல.

ஒரு நெல்வயல் நடுவுல நாரை ஒண்ணு கூடு கட்டிச்சு. அந்த இனத்துல உலகத்துலயே நாப்பதுதான் மிச்சம். அதனால அதிகாரிங்க வந்து, கூட்டுக்கு அம்பதடி தள்ளிச் சிவப்புக் கொடி ஒண்ணு நட்டு, "இதுக்கு உள்ள பூச்சி மருந்து அடிக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கு ஒரே கடுப்பு. "கொடி வரைக்கும் என் ராஜ்ஜியம் தாயி, தெரிஞ்சுக்கோ!"

"சரிங்கண்ணே"ன்னுச்சு நாரை.

கொடிக்குள்ள இருந்த புழுவும் வெட்டுக்கிளியும் நாலே நாள்ல தீர்ந்துபோச்சு. குஞ்சுங்க பசியில கத்துச்சு. வெளிய இருந்த பூச்சி மேல மறுநாள் மருந்து விழப் போகுது; அதத் தின்னா குஞ்சு பிழைக்காது.

மறுநாள் ஸ்பிரேயர் வந்து முழிச்சுது. "நேத்து கொடி இங்கதானே இருந்துச்சு?"

"கொடியப் பாத்து நிக்கிறதுதானே அண்ணே உங்க வேலை?"

"அதுவும் சரிதான்"னு ஸ்பிரேயர் கொடிக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிச்சு. நாரை பொறுக்கித் தின்ன இடத்துல பயிரு பச்சைப் பசேல்னு நின்னுச்சு.

அன்னைக்குச் சாயங்காலம், குஞ்சுங்களுக்கு வயிறு நிறைய ஊட்டிட்டு, நாரை அலகால கொடியப் பிடுங்கி இன்னும் பத்தடி தள்ளி நட்டுச்சு.