கழற்றிய கார்புரேட்டர்

"மாம்போங் மேட்டுல வண்டி நின்னுடுமா, நிக்காதா? அதை மட்டும் சொல்லு தம்பி," என்றார் ஒபெங்.

அமங்க்வா பானெட்டுக்குள் குனிந்திருந்தான். குமாசியில் மெக்கானிக்குகளுக்குப் பேச்சு அதிகம். இவனுக்கு இல்லை.

"இந்தக் கார்புரேட்டரோட போனா நிக்கும்," என்றான் கடைசியில். "உள்ளே தேஞ்சு போச்சு. கழுவிப் போட்டும் பிரயோஜனமில்லை. மாத்தணும்ணே."

ஒபெங் அக்ராவில் பள்ளி ஆசிரியர். போன மாதம்தான் கார் ஓட்டப் பழகினார். தாய்மாமனான பெரியவர் இறந்ததும் குடும்பம் கூடி, தாய்வழி வழக்கப்படி வாரிசு என்று இவர் பெயரைச் சொல்லி, ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பெஜோவின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டது. வரும் சனிக்கிழமை நாற்பதாம் நாள். கறுப்புத் துணி உடுத்தி, மேட்டின் மேலே இருக்கும் ஊருக்கு இவரே அந்த வண்டியை ஓட்டிப்போய் இறங்க வேண்டும்.

"வழியில தள்ளிக்கிட்டு வந்தேன்னு வை, வண்டிக்கே இவனைப் பிடிக்கலைன்னு எங்க சித்திங்க பாட்டு கட்டிடுவாங்க. மறுநாளே வேற ஆள் பேரைச் சொல்லிடுவாங்க."

"சொல்லக்கூடியவங்கதான்."

"புதுசுக்கு எங்கே போறது? எல்லையை மூடி வச்சிருக்காங்க. ஊர்ல ஒரு ஸ்க்ரூ கிடைக்கலை."

அமங்க்வா உள்ளே போய் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தான். பிரித்தான். புத்தம்புது கார்புரேட்டர்.

"இது ஏது?"

"பெரியவர் வண்டிக்குன்னு சொல்லி வச்சிருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் லோமேயிலேருந்து லாரிக்காரர் சீட்டுக்கு அடியில வச்சுக் கொண்டாந்தார். அதுக்குள்ள பெரியவர் முந்திக்கிட்டார்."

அமங்க்வா ஸ்பானரை எடுத்தான்.

நாலு மணிக்கு வண்டி இருமாமல் கிளம்பியது.

"காலையில சோக்கைப் பாதிதான் இழுக்கணும். மேட்டுல ரெண்டாவது கியர். பெரியவர் மூணாவதுலயே ஏத்துவார். நீங்க அதெல்லாம் பண்ணாதீங்க."

"சரி. உனக்கு என்ன தரணும்?"

"ஒண்ணும் வேண்டாம். கழட்டின பழசை நான் வச்சுக்கறேன்."

ஒபெங் தயங்கினார். "அதுவும் பெரியவர் சொத்துதானேப்பா. குடும்பத்துல ஒரு வார்த்தை கேக்கணுமே."

"கேளுங்க. காத்திருக்கேன்."

ஒபெங் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எடுத்துக்க. நான் பாக்கலை. சனிக்கிழமை வந்துடு."

"வராம இருப்பேனா? துக்கத் துணி தைக்கக் குடுத்தாச்சு."

வீட்டில் ஃபூஃபூவுக்கு வேகவைத்த கிழங்கை இடித்துக்கொண்டிருந்த மனைவி செர்வா, அவன் கையில் இருந்ததைப் பார்த்து உலக்கையை நிறுத்தினாள்.

"நாள் முழுக்க உழைச்சதுக்குக் கூலி இந்த ஓட்டை இரும்பா?"

"கூலி இல்லை." அவன் அதைத் துடைத்து அலமாரியில் வைத்தான். "எங்க அப்பா சொத்து."

"நம்ம வழக்கத்துல சவப்பெட்டி வாங்கிக் குடுத்ததோட மகன் பாத்தியதை முடிஞ்சு போச்சே. மத்ததெல்லாம் உங்க அத்தை பெத்த பிள்ளைக்குத்தானே?"

"ஆமா," என்றான் அமங்க்வா. "மத்ததை ஒபெங் அண்ணன் இப்பதான் ஓட்டிக்கிட்டுப் போறார்."