ஜீப்புக்கு முன்னால் நல்ல பிள்ளை

புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டத்துக்குத் தலைவி செங்கமலம். தலைவியின் மகள் தின்ற பிறகுதான் ஆண்கள் இரையில் வாய் வைக்கலாம் என்பது அங்கே வழக்கம். அன்று குட்டிகள் வளரும் விதத்தை எழுத ஒரு பெண் ஜீப்பில் நோட்டோடு வந்திருந்தாள். அப்போதுதான் விழுந்த இரையை நோக்கி ஓடிய மகளைச் செங்கமலம் அவசரமாக மறித்தாள்.

"அடியே, காணாததைக் கண்ட மாதிரி பாயாதே. அந்தம்மா என்ன நினைப்பாங்க? முதல்ல மாமாவைச் சாப்பிடச் சொல்லு."

மகள் பசியோடு ஒதுங்கினாள். மாமா ஒரு கணம் திகைத்துவிட்டு, தொடைக்கறியைக் கவ்விக்கொண்டு நகர்ந்தார்.

ஜீப்பின் மேலிருந்த காக்கையிடம் செங்கமலம் ஆவலாகக் கேட்டாள்: "என் பொண்ணைப் பத்தி என்ன எழுதினாங்க?"

"'யாரோ ஏமாளியின் குட்டி' என்று எழுதியிருக்கு."

செங்கமலம் மகளைப் பிடித்துத் தள்ளினாள். "ஜீப் கிளம்புறதுக்குள்ள மாமா வாயிலேர்ந்து பிடுங்கிட்டு வாடி!"