கண்ணாடிக்கு மார்க்

ஐந்தரைக்கு எழுந்தான். தண்ணீர் பிடித்து வைத்தான். பல் தேய்த்தான். சட்டை போட்டான்.

மனைவி அவன் முகத்தை நிமிர்த்திப் பிடித்து இடது கண்ணில் இரண்டு சொட்டு மருந்து விட்டாள். காபி அவனுக்கு மட்டும். அவள் எதுவும் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டினார்கள். அவள் கையில் ஆஸ்பத்திரி ஃபைல். ஆனால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பட்டறைச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தாள்.

"அண்ணா, இரும்பு தேய்க்கறவங்க போடற கண்ணாடி எல்லாம் எடுத்துப் போடுங்க. இவர் ஒண்ணு வாங்கற வரைக்கும் நான் ஆஸ்பத்திரிக்குள்ள கால் வைக்கறதா இல்ல."

கடைக்காரர் பதறிப்போனார். "ஆஸ்பத்திரியா? என்னம்மா ஆச்சு?"

"சின்ன ஆபரேஷன்தான். பித்தப்பைல கல்லு. எனக்கு வயித்துல கல்லு, இவருக்குக் கண்ணுல இரும்பு. நீங்க சிமென்ட் குடுத்தா ஒரு வீடே கட்டிடலாம்."

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் மேலே தொங்கிய சங்கிலிகள் ஆடின.

அவன் கேட், ஜன்னல் கம்பி செய்கிற பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேய்ப்பதுதான் இதுவரை அவனுக்குத் தெரிந்த பாதுகாப்பு. போன வாரம் ஒரு பொடி இரும்பு கருவிழியில் போய் ஒட்டிக்கொண்டது. டாக்டர் ஊசி முனையால் கிள்ளி எடுத்தார். அடுத்த தடவை எடுக்கக் கண் இருக்காது என்றார். அன்றிலிருந்து கண்ணாடியை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

இன்று தள்ள முடியாது. பதினொரு மணிக்கு அவளைச் சேர்த்தாக வேண்டும்.

அவள் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். சும்மா வாங்குவாளா? பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கோடு போட்டாள். பத்துக்கு எத்தனை மார்க்?

முதலில் சாதாரணக் கண்ணாடி. போட்டதும் தனக்கு அழகாக இருப்பதாக அவனுக்கே பட்டது. அவள் கடைக்காரர் மேஜை துடைக்க வைத்திருந்த தண்ணீர் பீச்சுகிற பாட்டிலை எடுத்து, பக்கவாட்டிலிருந்து சர்ரென்று அடித்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தண்ணி போற வழியில பொறியும் போகும். முட்டை மார்க்."

அடுத்தது பக்கத்தில் மறைப்பு வைத்தது. கீழேயிருந்து அடித்தாள். மூன்று மார்க்.

ரப்பர் விளிம்பும் பின்னால் பட்டையும் வைத்து முகத்தோடு ஒட்டிக்கொள்கிற கண்ணாடி. நாலு திசையிலும் அடித்தாள். மூக்கிலும் மீசையிலும் தண்ணீர் சொட்டியது. கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

"பாஸ்! ஆனா ஆவி படியுதான்னு பாக்கணும். தெருமுனை வரைக்கும் ஓடிட்டு வாங்க."

ஓடினான். கல்யாணமான ஆம்பளை, பட்டப்பகலில், நீச்சல் குளத்தைத் தொலைத்தவன் மாதிரி ஓடினான். பால் வண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். திரும்பி வந்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் கல் குத்தும். குத்தியும் சிரித்தாள்.

வெளியாட்கள் முன்னால் அவள் 'வாங்க, போங்க'தான். காதோரம் வந்து மட்டும் கிசுகிசுத்தாள்: "தவளைக்கு மீசை வெச்ச மாதிரி இருக்கடா."

கடைக்காரருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. முழு முகத்தையும் மூடுகிற ஒளிபுகும் தகடு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினார். கிரைண்டர் கல் உடைந்து தெறித்தால் முகத்துக்கு இதுதான் காப்பு, கண்ணாடிக்கு மேலே இதையும் போட வேண்டும் என்றார்.

"அப்போ நான் எங்க இருப்பேன்?" என்றான் அவன்.

"உள்ள பத்திரமா இருங்க. அது போதும்" என்றாள் அவள்.

இரண்டையும் வாங்கினார்கள். பையில் போடும்போது கடைக்காரர் விரலை உயர்த்தினார். போடுவது பெரிய விஷயமில்லை. கழற்றும்போதுதான் ஆபத்து. புருவத்திலும் நெற்றியிலும் படிந்த தூசு அப்படியே கண்ணுக்குள் கொட்டும். குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, பட்டையைப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும்.

அவள் அவனைப் பத்து தடவை செய்ய வைத்தாள். அவன் நான்கு தடவை மறந்துபோய்க் கண்ணைத் திறந்தான். நான்கு முட்டை.

மதியம் இரண்டு மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. பச்சை உடையும் தலைக்குத் தொப்பியுமாக அவள் படுத்திருந்தாள். அவளுடைய கம்மலைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு அவள் அம்மா ஒரு பக்கம். அவன் ஒரு பக்கம்.

காலையிலிருந்து முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் கையைப் பிடித்திருந்த விரல்கள் சில்லிட்டிருந்தன.

அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பையைத் திறந்தான். கண்ணாடியைப் போட்டான். அதன்மேல் முகத்தகட்டையும் மாட்டிக்கொண்டு நின்றான்.

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தள்ளுவண்டியே ஆடியது.

"சார், என்ன கோலம் இது? கழட்டுங்க முதல்ல!" என்றாள் நர்ஸ்.

தகட்டை எடுத்தான். பிறகு குனிந்து கண்ணாடியைக் கழற்றினான். நிமிர்ந்து பார்த்தபோது கதவு மூடியிருந்தது.

அந்தக் கதவு வழியாக அவள் திரும்பி வரவில்லை.

துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. "'அம்மா, அவரைப் பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போனா" என்று அவள் அம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லி அழுதாள். அவன் திருத்தவில்லை. நல்ல வார்த்தைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

வண்டி உருளத் தொடங்கியபோது, அவன் கை கண்ணாடிக்குப் போனபோது, நர்ஸ் முன்னால், பெற்ற அம்மா முன்னால், அவள் சத்தமாகச் சொன்னது இதுதான்:

"டேய், கண்ண மூடிக்கிட்டுக் கழட்டுடா! இல்லன்னா முட்டை!"