அடுக்கு நந்தியாவட்டை

அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். இரண்டு இமை மேலும் அவளே பூ வைத்தாள்.

அடுக்கு நந்தியாவட்டை. காம்பில் பால் போகக் கழுவி, ஈரத்தோடு.

பகலெல்லாம் பட்டறையில் வெல்டிங். பொழுது சாய்ந்தால் மணல் விழுந்தது போலக் கண் உறுத்தும் அவனுக்கு. இந்தப் பூ வைத்தால்தான் அடங்கும்.

இத்தனை நாளும் அது பக்கத்து வீட்டுக் கோமளாவின் செடியிலிருந்து வந்தது. மதில் மேல் ஒரு கிண்ணம் வந்து உட்காரும். அண்ணன் கண்ணுக்கு வைத்துவிடச் சொல்லிப் பின்னாலேயே ஒரு குரல்.

அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால்?

தன் புருஷன் கண் மேல் இன்னொருத்தி வீட்டுப் பூ கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் பார்த்த பார்வைக்கு அந்தச் செடி பட்டுப்போயிருக்க வேண்டும். அதுவோ எந்தக் கோடையிலும் இலை உதிர்க்காமல், பச்சைப் பசேலென்று மதிலுக்கு மேல் தலையை நீட்டியது.

ஒரு கொம்பு கேட்டிருக்கலாம். கோமளாவிடம் போய்க் கேட்பதா? போதாததற்கு, கேட்டு வாங்கிய செடி பிடிக்காது, திருடி நட்டால்தான் பிடிக்கும் என்று ஊரே சொல்கிறது.

ஒரு மத்தியானம் மதிலோரம் எக்கி நின்று ஒடித்தாள். கையெல்லாம் பால். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

பிடித்துக்கொண்டது.

கொல்லையில், குளியலறைக்குப் பின்னால், அவன் எட்டிப் பார்க்காத மூலையில் வளர்த்தாள். அரிசி கழுவிய தண்ணீரெல்லாம் அதற்குத்தான். பூக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

இன்று பூத்துவிட்டது.

இப்போது அவன் இமை மேல் இருப்பது அவள் பூ. சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன இருந்தாலும் கோமளா வீட்டுப் பூ கோமளா வீட்டுப் பூதான்," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

அதில் பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

விறுவிறுவென்று வெளியே போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கோமளா கிண்ணத்தோடு நின்றிருந்தாள். இனிமேல் பூ வேண்டாம், எங்கள் வீட்டிலேயே பூத்துவிட்டது என்று அவளிடம் சொன்னாள். கொஞ்சம் உரக்கவே சொன்னாள். உள்ளே படுத்திருப்பவனுக்கும் கேட்கட்டும்.

கோமளாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளும் உரக்கத்தான் பேசினாள்.

"பிடிச்சிருச்சாக்கா? நானா குடுத்தா பிடிக்காதுல்ல. அதான் அன்னைக்கு நீங்க ஒடிக்கையில பார்க்காத மாதிரி உள்ள போயிட்டேன்."

இவள் தன் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அவன் அப்படியே படுத்திருந்தான். இமை மேல் இருந்த பூ இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.