கடைசி மதகு

ஐப்பசி ஐந்தாம் தேதி காலையில் அந்த ஆண்டின் முதல் வெள்ளம் கடைசி மதகுக்கு வந்து சேர்ந்தது.

தாமிரபரணியின் ஒரு சொட்டுகூட மன்னார் வளைகுடாவில் வீணாகக் கலக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் எட்டு ஆண்டுகளாக மதகின் கதவுகள் மூடியே கிடக்க, அதற்குக் கீழே கடல்நீர் மட்டுமே ஏறி இறங்கியது. கழிமுகத்துக்கு மடவை மீன் குஞ்சுகள் வருவது நின்றுபோயிற்று. அங்கிருந்த மீனவ ஊரின் கிணறுகள் உப்பாகிவிட்டன.

மதகுக் காவலாளி ரொசாரி அந்த ஊர்க்காரி. அவள் பொத்தானை அழுத்தி ஒரு கதவைத் தூக்கினாள். வெள்ளம் இரைந்துகொண்டு கடலை நோக்கிப் பாய்ந்தது. அவள் கணவன் கஸ்பார் தன் வள்ளத்தைக் கதவின் இருபுறத் தூண்களிலும் கட்டி, தூக்கிய கதவுக்கு நேர் கீழே நிறுத்தி, அதில் உட்கார்ந்துகொண்டான்.

"ஏட்டி, கயிறு தாங்குமா?"

"நீ கட்டுனதுதான? என்னயக் கேக்க!"

"அறுந்துச்சுன்னா நானும் கடல்ல வீணாப் போயிருவேன். சட்டப்படி தப்பு."

அவள் சிரித்தபோது கட்டுப்பாட்டு மையத்திலிருந்து போன் வந்தது.

"ரொசாரி, கதவு ஏன் திறந்திருக்கு? தண்ணி வீணாப் போகுது."

"வீணாப் போகல சார். எங்க ஊருக்குப் போகுது."

"உன் வேலை போயிரும்மா."

"போட்டும் சார்."

"நீ மூட வேண்டாம். இங்கருந்தே பட்டன் அமுக்கி மூடிருவேன்."

"கேமராவுல நல்லாப் பாத்துக்கிடுங்க சார். கதவுக்கு அடியில உக்காந்திருக்கது எங்க வீட்டுக்காரரு. அமுக்குறீகளா?"