மேல் பலகை

பழைய வீட்டில் பூஜையறைக் கதவாக இருந்த பலகையையும் கக்கூஸ் கதவாக இருந்த பலகையையும் வைத்து, குளியலறைக்குத் தானே ஒரு வாஷ்பேசின் மேசை செய்ய உட்கார்ந்தார் செல்வமணி. இரண்டும் ஒரே தேக்கு மரத்தில் அறுத்தவை.

"அதோட என்னை ஒட்டாதே!" என்று கத்தியது பூஜையறைப் பலகை. ரம்பச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அதை மேலே வைத்து, மற்றதைக் கீழே தாங்கலாக நிறுத்தி, பசை தடவி ஒட்டிவிட்டார்.

"மேலதானே இருக்கே, அப்புறம் என்ன?" என்றது கீழ்ப்பலகை.

"பேசாதே. கற்பூரம் பார்த்த உடம்பு இது."

அந்த உடம்பின் மேல்தான் வீடே தினமும் வாய் கொப்பளித்தது. எச்சில் தெறித்தது. அதையெல்லாம் அது பொறுத்துக்கொண்டது. கீழே ஒட்டியிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

குழாய் கசிந்து பசை ஊறியது.

"ஒட்டு விடுது. என் மேல நல்லா சாஞ்சுக்கோ, இல்லேன்னா விழுந்துடுவே" என்றது கீழ்ப்பலகை.

"விடட்டும். இதுக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்" என்று சொல்லி, மேல் பலகை இன்னும் கொஞ்சம் விலகியது.

மறுநாள் காலை அது வாஷ்பேசினோடு தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. சாக்கடை ஓட்டைக்குப் பக்கத்தில் கிடந்தபடியே, அசையாமல் நின்ற கீழ்ப்பலகையை நிமிர்ந்து பார்த்து, "தள்ளி நில்லு" என்றது.